மார்கழிக் குளிரை நம்பி வாங்கிய பயறு

கீழமாசி வீதியில் எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. மார்கழி பிறந்தால் பயறு வகைகளில் நாலு மூட்டை கூடுதலாக இறக்கிப் போடுவோம். பனிக்காலத்தில் வண்டு பெருகாது, பங்குனி வரை பயமில்லை என்பது அன்றைய கணக்கு.

2023 மாசியில் அந்தக் கணக்கு தப்பியது. திருமங்கலம் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர், நாங்கள் அனுப்பிய பச்சைப் பயறில் இரண்டு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். பயறெல்லாம் ஓட்டை. அவர் கடையில் வைத்திருந்த லட்சணம் என்று நாங்கள் சத்தம் போட்டோம். அவரும் விடவில்லை. இருபது வருஷ வாடிக்கை அன்றோடு முறிய இருந்தது. சாயங்காலம் கிட்டங்கியில் அதே லாட்டில் மீதியிருந்த மூட்டையைப் பிரித்தால், அதிலும் வண்டு ஓடுகிறது! மறுநாள் நாங்களே போய்ச் சரக்கை மாற்றிக் கொடுத்து வந்தோம்.

பயற்று வண்டு பெரும்பாலும் வயலிலேயே காயில் முட்டையிட்டு, சரக்கோடு சேர்ந்து வருகிறது. புழு பயறுக்குள் இருந்து தின்று, வண்டாகித் துளை போட்டு வெளியேறும். 20 டிகிரி வெப்பத்தில் இதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். 30 டிகிரி என்றால் நாலு வாரம்கூட வேண்டாம். ஆகவே பகல் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது. ராத்திரி கிட்டங்கி ஆறாமல் புழுங்கினால் வண்டுக்கு அது சித்திரை மாதம்தான்.

அந்த 2023 பிப்ரவரியில் நாட்டின் சராசரிப் பகல் வெப்பம், 1901 முதல் உள்ள பிப்ரவரிப் பதிவுகளிலேயே மிக அதிகம் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. 2024, அதே பதிவுகளில் மிக வெப்பமான ஆண்டு. ஒரு வருஷமென்றால் காலக்கோளாறு என்று தள்ளிவிடலாம். இது நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சேர்ந்த கரியமில வாயுவின் வேலை.

பயறோடு நிற்கவில்லை. 2022 மார்ச்சிலேயே வடக்கே கோடை வந்து, பால் பிடிக்கும் கோதுமை சுருங்கியது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்ததை மைதா, ஆட்டா விற்கும் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 கோடையில் இடுக்கி ஏலத் தோட்டங்கள் கருகியதை போடி ஏலத்துக்குப் போனவர்கள் அறிவார்கள்.

முழுப் பயறு, தட்டைப் பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றை ஒரு மாத விற்பனைக்கு மேல் இருப்பு வைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். விலை ஏறும்போது கை அரிக்கத்தான் செய்கிறது. உடைத்த பருப்பை இந்த வண்டு அவ்வளவாகத் தொடாது. அதில் கொஞ்சம் துணியலாம். மார்கழியிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். பழைய சரக்கு முன்னால் போகிறது. பில்லில் சரக்கு வந்த தேதியையும் எழுதித் தருகிறோம். திருமங்கலத்துக்காரர் இப்போது அந்தத் தேதியைப் படித்துவிட்டுத்தான் மூட்டையை வண்டியில் ஏற்றுகிறார்.