நெஞ்சில் வலி, காலைப் பார்க்கிறார் டாக்டர்

மாணவர்களே, உங்களில் பலர் வீட்டில் சம்பளம் இல்லாமல் ஒரு வேலை பார்க்கிறீர்கள். வங்கிக் கடிதத்தைப் பாட்டிக்குப் படித்துச் சொல்வது நீங்கள்தான். மருத்துவமனையில் டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதைத் தாத்தாவுக்குத் தமிழில் சொல்வதும் நீங்கள்தான். சென்ற ஆண்டு கிள்ளானில் என் வகுப்பு மாணவி ஒருத்தி, படிவம் மூன்று, ஒருநாள் விடுப்பு கேட்டு வந்தாள். தாத்தாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டுமாம். அறுவை மருத்துவரைச் சந்திக்கும்போது அவள்தான் துணை. "டீச்சர், டாக்டர் சொல்றது எனக்கே புரியலன்னா, தாத்தாகிட்ட நான் என்ன சொல்றது?" என்றாள்.

நியாயமான கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் அதே போன்ற நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அறிவியல் ஆசிரியர்தான், இருந்தும் பாதி விஷயம் வெளியே வந்த பிறகே விளங்கியது. ஒன்றைத் தவறாகவும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பாடம். இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இந்தத் தசைக்கும் இரத்தம் வேண்டும். பெருந்தமனி இதயத்தைவிட்டுக் கிளம்பும் இடத்திலேயே இரண்டு கிளைகள் பிரிந்து, இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்து தசைக்குள் செல்கின்றன. இவையே கொரோனரித் தமனிகள். இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், நடக்கும்போதும் படியேறும்போதும் நெஞ்சு இறுகும். பைபாஸ் என்பது அடைப்பை நீக்கும் அறுவை என்று பலர் நினைக்கிறார்கள். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். வேறொரு குழாயைக் கொண்டுவந்து, அடைப்பைத் தாண்டி இணைப்பார்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் மாற்றுச் சாலையில் போய் மீண்டும் சேர்வோமே, அதுபோல.

அந்தக் குழாய் எங்கிருந்து கிடைக்கும்? நோயாளியின் உடலிலிருந்தே. இதனால்தான் அன்று அப்பாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட அறுவை மருத்துவர், அடுத்து "சிலுவாரைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "நெஞ்சுதானே நோவுது, காலை ஏன் பாக்குறாரு?" மருத்துவர் தேடியது கணுக்காலிலிருந்து தொடைவரை தோலுக்குக் கீழே ஓடும் நீண்ட சிரையை. அது சுருண்டு புடைத்திருந்தால் குழாயாகப் பயன்படாது. நீங்கள் படித்ததை இங்கே நினைவுபடுத்துங்கள்: சிரையில் வால்வுகள் உண்டு, அவை இரத்தத்தை ஒரே திசையில் மட்டும் விடும். எடுத்த சிரையை அப்படியே பொருத்தினால் வால்வு வழியை மறித்துவிடும். அதனால் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதும் ஒரு வரி, அறுவைக்கூடத்தில் ஓர் உயிரைத் தீர்மானிக்கிறது.

பிறகு, "எந்தக் கையால் எழுதுவீர்கள்?" என்று கேட்டார். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் தமனியையும் குழாயாக எடுக்கலாம். எழுதாத கையிலிருந்து எடுப்பதே வழக்கம். எடுத்த பின் அந்தக் கைக்கு இரத்தம் வருமா? இதை அறிய எட்கர் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இல் விவரித்த எளிய சோதனை ஒன்று உண்டு. முட்டியை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டின் இருபுறத் தமனிகளையும் மருத்துவர் அழுத்திப் பிடிப்பார். கையைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விடுவார். சில விநாடிகளில் கை சிவந்தால் அந்த ஒரு தமனியே கைக்குப் போதும். எல்லாவற்றிலும் சிறந்த குழாய் மார்பெலும்பை ஒட்டி உள்ளே ஓடும் தமனி. பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு அது அடைபடாமல் இருக்கிறது. காலின் சிரைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

அடுத்து மருந்துகள். "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா? ஜாமு, நாட்டு மருந்து?" அப்பா உடனே "இல்லை" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து, மூட்டுவலிக்கென்று அப்பா வாங்கிவைத்திருந்த ஜாமு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மருத்துவர் திட்டவில்லை. பொட்டலத்தைத் திருப்பிப் பதிவு எண்ணைத் தேடினார். இல்லை.

இதில் என்ன இருக்கிறது? பதிவில்லாத சில மூட்டுவலி ஜாமுகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று குறைக்கும். கூடவே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். நீண்டநாள் எடுத்தால் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அறுவை போன்ற அதிர்ச்சியைத் தாங்க அந்தச் சுரப்பியின் ஹார்மோன் தேவை. மருத்துவருக்கு இது தெரியாவிட்டால், அறுவையின்போது இரத்த அழுத்தம் விழுவதற்குக் காரணமே புரியாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளும் அப்படியே. க்ளோபிடோக்ரெல் மாத்திரையைப் பொதுவாக ஐந்து நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் எதை, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தினால் மாரடைப்பே வரலாம்.

புகைபிடிப்பதைப் பற்றியும் கேட்டார். அதற்கு அப்பா உண்மையைச் சொன்னார், வேறு வழியில்லை, சட்டையே காட்டிக்கொடுத்தது.

இனி, நான் செய்த தவறு. அறுவைக்குப் பின் என்ன நடக்கும் என்று மருத்துவர் விளக்கினார். "தீவிரக் கண்காணிப்புப் பிரிவில் கண் விழிக்கும்போது தொண்டையில் சுவாசக் குழாய் இருக்கும். அது குரல்நாண்களின் நடுவே செல்வதால் பேச முடியாது. குழாயை எடுத்ததும் பேச்சு திரும்பும். இதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்." நான் சொல்லவில்லை. பயப்படுவார் என்று நினைத்தேன். "எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொல்றாருப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அப்பா கண் விழித்தார், பேச முயன்றார், குரல் வரவில்லை. வாதம் வந்து பேச்சு போய்விட்டது என்றே முடிவுகட்டிவிட்டாராம். கைகளை உதறினார், இரத்த அழுத்தம் ஏறியது. தாதி ஒருவர் மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது. அந்தச் சில மணிநேரப் பயம் நான் அவருக்குக் கொடுத்தது.

முன்கூட்டியே சொல்வது ஒரு மருந்தைப்போலவே வேலை செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வயிற்றில் அறுவை செய்யவிருந்த 97 பேரை எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரின் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினரிடம் எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், அப்போது எப்படி மூச்சுவிட வேண்டும், எப்படித் திரும்பிப் படுக்க வேண்டும் என்று விளக்கினார்கள். மற்றவர்களிடம் வலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. யார் எந்தப் பிரிவு என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. விளக்கம் பெற்றவர்களுக்கு வலி மருந்து ஏறத்தாழப் பாதியே தேவைப்பட்டது, சராசரியாக இரண்டரை நாளுக்கு மேல் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். 1964இல் வெளிவந்த ஆய்வு இது. கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன என்று வகுப்பில் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

எண்களை மொழிபெயர்ப்பதிலும் கவனம் தேவை. அறுவையின் அபாயம் இத்தனை விழுக்காடு என்று மருத்துவர் சொல்வது ஊகம் அல்ல. வயது, சிறுநீரகச் செயல்பாடு, நுரையீரல் நோய், இதயத்தின் வலு போன்றவற்றை இட்டுக் கணக்கிடும் முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான யூரோஸ்கோர் 2, 43 நாடுகளில் 22,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரத்திலிருந்து உருவானது. 2 விழுக்காடு என்றால், இவரைப் போன்ற நூறு பேருக்கு இதே அறுவை செய்தால் இருவர் இறக்கக்கூடும். 98 பேர் பிழைப்பார்கள் என்பதும் அதே எண்தான். ஆனால் மனத்தில் ஒரே மாதிரி விழுவதில்லை. 1982இல் வெளியான ஒரு சோதனையில், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா கதிர்வீச்சா என்று மருத்துவர்களிடமே கேட்டார்கள். 'அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் நூறில் 90 பேர் பிழைப்பர்' என்று படித்தவர்களில் 84 விழுக்காட்டினர் அறுவையைத் தேர்ந்தெடுத்தனர். 'நூறில் 10 பேர் இறப்பர்' என்று படித்தவர்களில் 50 விழுக்காட்டினர்தான். மருத்துவர்களுக்கே இப்படி என்றால் தாத்தா எம்மாத்திரம்? இரண்டு விதமாகவும் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவும் சொல்ல வேண்டும்? ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போடுவது அவர். கழுத்தெலும்பு அறுவையில் உடல் செயலிழந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. முக்கியமான அபாயங்களை நோயாளியிடம் எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்பதை அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. நீங்கள் இடையில் நின்று ஒரு வரியை விழுங்கினால், மருத்துவர் சொன்னது சொன்னதாகவே இருக்கும், கையெழுத்திட்டவருக்கு மட்டும் தெரிந்திருக்காது.

நோயாளியே மருத்துவராக இருந்த ஒரு சம்பவமும் நம் நாட்டில் உண்டு. 1989 ஜனவரியில் பிரதமர் டாக்டர் மகாதீருக்கு மாரடைப்பு வந்தது. வசதியுள்ளவர்கள் இதய அறுவைக்கு வெளிநாடு போன காலம் அது. அவர் இங்கேயே செய்துகொள்ள முடிவெடுத்தார். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் டாக்டர் யாஹ்யா அவாங் தலைமையிலான குழு பைபாஸ் செய்தது. ஜாலான் துன் ரசாக்கில் நீங்கள் பார்க்கும் தேசிய இதயக் கழகம், ஐஜேஎன், 1992இல் செயல்படத் தொடங்கியது. 2007இல் அவருக்கு இரண்டாவது பைபாஸ் அங்கேதான் நடந்தது.

உங்கள் வீட்டில் நடக்கவிருப்பது வால்வு மாற்று அறுவை என்றால், அந்த அறையில் இன்னொரு பேச்சும் வரும். உலோக, கார்பன் வால்வு பல்லாண்டு உழைக்கும். ஆனால் அதில் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும், அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கருவிலுள்ள குழந்தையை வார்ஃபரின் பாதிக்கலாம் என்பதால், இளம்பெண்கள் இதைத் தயங்காமல் பேச வேண்டும். திசு வால்வுக்கு வார்ஃபரின் பெரும்பாலும் சில மாதம் போதும், ஆனால் அது பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேயக்கூடும். அது பன்றியின் வால்வாகவோ, மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் செய்ததாகவோ இருக்கும். இதைக் கேட்டதும் முகம் மாறும் பாட்டிகளை எனக்குத் தெரியும். மருத்துவர்களுக்கும் தெரியும், நம் நாட்டில் இந்தக் கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல. எனவே வெட்கப்படாமல் முன்பே கேட்டுவிடுங்கள். மீன் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். இதய-நுரையீரல் இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். அறுவை முடிந்ததும் அதை முறிக்கத் தரும் புரோட்டமின் மீனின் விந்தணுவிலிருந்து எடுக்கப்படுவது.

என் மாணவி ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனாள். புரியாத சொல் வந்தபோதெல்லாம் "டாக்டர், தோலோங் உலாங்" என்று திரும்பச் சொல்லச் சொன்னாளாம். மருத்துவர் ஒரு தாளில் இதயத்தை வரைந்தே காட்டிவிட்டார். அந்தத் தாளை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். பாடநூல் படத்தைவிடத் தெளிவாக இருந்தது.

அப்பா அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதுவும் எழுந்து கதவருகில் போன பிறகு. "டாக்டர், தைப்பூசத்துக்கு பத்துமலையில 272 படி ஏறலாமா?" நான் மொழிபெயர்த்தேன், இம்முறை முழுதாக. மருத்துவர் சிரிக்காமல் தம் மார்பின் நடுவே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அந்த எலும்பை நீளவாக்கில் பிளந்துதான் உள்ளே போவார்களாம், முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுவார்களாம். எலும்பு நன்றாகக் கூட ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கக்கூடாது, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தைப்பூசத்துக்கு அப்போது ஏழு வாரமே இருந்தது. "இந்த வருடம் கீழே நின்று கும்பிடுங்கள். அடுத்த வருடம் ஏறலாம், மெதுவாக."

அடுத்த வருடம் ஏறினார். நடுவில் நான்குமுறை உட்கார்ந்தார்.