உணவு வண்டியில் ஒரு மொழிப்பாடம்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரிய கலாசாலையில் நாம் பயின்ற முதல் விதிகளுள் ஒன்று. பரீட்சைத் தாளிலே அதனை அழகுற எழுதிப் புள்ளிகளும் பெற்றோம். ஆயினும், அவ்விதியின் பொருளை உள்ளவாறு உணர்ந்தது பல்லாண்டுகளின் பின், நுகேகொடையில் எம் வகுப்பறையில், ஒரு மாணவனின் சாப்பாட்டுப் பெட்டியைக் கண்ட போதேயாம். அவ்வனுபவத்தை இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், இன்று பயில்வோர்க்கும், உடன்தொழில் புரியும் ஆசிரியர்க்கும் எடுத்துரைப்பது பயனுடைத்தெனக் கருதுகின்றோம்.

பாடத்தின் தோற்றம்

9ஆம் தரத்து மாணவர்க்கு 'உலக நாடுகளின் உணவு வகைகள்' என்னும் பொருள்பற்றிக் கட்டுரைப் பயிற்சி அளிக்க வேண்டியிருந்தது. இன்ன நாட்டார் இன்னது உண்பர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், அதனைப் பார்த்தெழுதி மறந்துவிடுவர். ஆதலின், ஓர் உணவு வண்டியை அமைக்கும்படி பணித்தோம். வண்டியின் வரைபடம் கீறுதல், விற்கும் உணவைத் தெரிதல், விலை வகுத்தல், பெயர்ப்பலகையும் உணவுப் பட்டியலும் நல்ல தமிழில் எழுதுதல் என வேலைகள் பகுக்கப்பட்டன.

உணவு வண்டி என்பது மாணவர்க்குப் புதியதன்று. மாலை வேளையில் பேதோவனின் இசைத்துணுக்கொன்றை ஒலித்தவண்ணம் ஒழுங்கைகள்தோறும் வருகின்ற 'சூன் பாண்' முச்சக்கரவண்டியை அறியாத கொழும்புப் பிள்ளை இல்லை. காலிமுகத்திடலின் இறால் வடை வண்டியும், வெள்ளவத்தைத் தெருவோரக் கடலை வண்டியும் அவர்கள் கண்டு பழகியவையே. இவற்றிலிருந்து தொடங்கி, பிற நாட்டு வண்டிகளுக்குச் சென்றோம். 1866ஆம் ஆண்டிலே தெக்சாசில் சாள்ஸ் குட்நைற் என்பவர், மாடு ஓட்டிச் செல்வோர்க்கு வழியிற் சமைத்தளிக்கப் பழைய படைவண்டியொன்றைச் சமையல் வண்டியாக மாற்றினார். 1872இல் புரொவிடென்சு நகரில் வால்டர் ஸ்கொற் என்பவர், பத்திரிகைக் காரியாலயங்களில் இரவில் உழைப்போர்க்குக் குதிரை வண்டியில் உணவு விற்றார். 2008இல் லொஸ் ஏஞ்சலிசில் ரோய் சோய் என்பவரும் அவர் கூட்டாளிகளும், கொரிய முறையிற் பக்குவஞ் செய்த இறைச்சியை மெக்சிக்கோ நாட்டுச் சோள ரொட்டியிற் பொதிந்து விற்கும் வண்டியொன்றைத் தொடங்கிப் புகழ் பெற்றனர். இரு நாட்டுச் சுவை ஓர் உள்ளங்கையிற் சேர்ந்த கதை மாணவரைப் பெரிதுங் கவர்ந்தது.

நாம் செய்த பிழை

இதுவரை பாடம் செவ்வனே நடந்தது. பின்னர், "உலக உணவுகளின் பெயர்களைச் சொல்லுங்கள்" என்றோம். பீட்சா, பேர்கர், நூடில்ஸ் என்று பெயர்கள் வந்து குவிந்தன. கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், மரவள்ளிக்கிழங்கை எழுதலாமோ?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. நாமும் சிறிது முறுவலித்து, "அது வீட்டுச் சாப்பாடு, தம்பி. உலக உணவொன்று சொல்லும்" என்றோம். அவன் அமர்ந்துவிட்டான்.

இடைவேளையின்போது அவ்வழியாகச் சென்றோம். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பாதி மட்டுந் திறந்து, கையால் மறைத்தவண்ணம் அவன் உண்டுகொண்டிருந்தான். உள்ளே அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் இருந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் பாணும் சோறும் பல இல்லங்களிற் சுருங்கியமையை நாம் அறிவோம். 1970களின் உணவுத் தட்டுப்பாட்டிலே மரவள்ளியால் உயிர் தாங்கிய நாட்களைப் பழைய மாணவருள் மூத்தோர் மறந்திரார். அறிந்திருந்தும், அக்கிழங்கை ஒரு பிள்ளை வகுப்பில் உரைத்தபோது நாம் முறுவலித்தோம்.

அன்றிரவு மரவள்ளியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அது தென்னமெரிக்காவிற் பிறந்த பயிர். போர்த்துக்கேயர் முதலான ஐரோப்பியரின் கப்பல்களிலேயே ஆபிரிக்காவையும் ஆசியாவையும் அடைந்தது. இன்று வெப்பமண்டல நாடுகளிற் பல கோடி மக்களின் முதன்மை உணவுகளுள் அது ஒன்று. சிங்களத்தில் அதற்கு வழங்கும் 'மஞ்ஞொக்கா' என்னும் பெயரும் 'மண்டியோக்கா' என்னும் அமெரிக்கப் பழங்குடிச் சொல்லின் வழிவந்ததே. பீட்சாவுக்கு உள்ள உலக உரிமை மரவள்ளிக்கும் உண்டு.

மறுநாள் வகுப்பிலே, "நேற்று உலக உணவொன்றை உண்மையாகச் சொன்னவர் இவரே, அதைத் தடுத்தவர் நாம்" என்று கூறி, மரவள்ளியைப் பட்டியலின் முதலில் எழுதினோம். அம்மாணவன் வெட்கத்தால் தலைகுனிந்தான். பின்னர், "அவிக்கும்போது மூடக் கூடாதென்று அம்மம்மா சொல்லுவா, சேர்" என்றான். காரணம் யாருக்குந் தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியரை வினவினோம். மரவள்ளியில் சயனைட்டு நஞ்சை விளைக்குஞ் சேர்வைகள் உள்ளன என்றும், தோலுரித்து, வெட்டி, நிறைந்த நீரில் மூடாது அவிக்கும்போது நஞ்சின் பெரும்பகுதி நீரிலும் ஆவியிலும் நீங்குகிறது என்றும் அவர் விளக்கினார். அமேசன் காட்டு மக்கள் கசப்பு மரவள்ளியைத் துருவி, நீண்ட பின்னற் குழாயில் இட்டுப் பிழிந்து நஞ்சகற்றுகின்றனர். அவர்கள் செய்வதையும் நுகேகொடையில் ஓர் அம்மம்மா செய்வதையும் அருகருகே எழுதியபோது, உலக உணவு என்னும் பாடம் முதன்முறையாக எம் வகுப்பறையில் உயிர்பெற்றது.

சந்தையில் ஒரு வகுப்பு

அடுத்த வாரம் நுகேகொடைச் சந்தைக்குச் சென்றோம். ஒவ்வொரு மாணவனும் பத்துப் பொருள்களின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வருதல் வேண்டும் என்பது பணி. சிங்கள வியாபாரியொருவர் மரக்கறிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொன்னார். மாணவர் வியப்புற்றனர். போஞ்சி என்று நாம் கூறுவதை அவர் 'போஞ்சி' என்றார். கோவாவை 'கோவா' என்றார். அன்னாசி இரு மொழியிலும் அன்னாசியே. பக்கத்துப் பேக்கரியிற் பாணும் பாணாகவே இருந்தது.

வகுப்புக்கு மீண்டு காரணத்தை ஆராய்ந்தோம். 1505இல் இந்நாட்டிற் கால்வைத்த போர்த்துக்கேயரின் சொல் பாண். அவர்களே ஜப்பானுக்குஞ் சென்றமையால் ஜப்பானியரும் அதனைப் 'பான்' என்றே வழங்குகின்றனர். கோவாவும் அன்னாசியும் அவர்தம் வாய்ச்சொற்களே. எம் இல்லத்து முதியோர் சமையலறையைக் குசினி என்பதும் அவர் மொழியிலிருந்து வந்ததே. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் விட்டுச்சென்றது போஞ்சி. அவர் காலத்தில் இங்கு வந்து குடியேறிய மலாய் மக்களின் மொழி தந்தது சம்பல். வாழையிலையிற் பொதிந்து வாட்டும் 'லம்பிரைஸ்' என்னுஞ் சோறு பறங்கியர் இல்லங்களில் வளர்ந்தது. சீனியின் பெயரிலே சீனம் உள்ளது. தேயிலையின் 'தே'யும் தென்சீனத்துக் கடற்கரையோர் வழக்கே.

மிளகாயின் கதை இன்னுஞ் சுவையுடையது. 1492இல் கொலம்பசு அமெரிக்காவை அடைந்த பின்னரே அது கீழைநாடுகளுக்கு வந்தது. முன்பு உறைப்புக்கு மிளகே துணை. புதிய காயைக் கண்ட தமிழர் அதனை மிளகுபோலும் காய் என மிளகாய் என்றனர். சிங்களவர் மிளகின் பெயராகிய 'மிரிஸ்' என்பதையே அதற்குக் கொடுத்து, பழைய மிளகை 'கம்மிரிஸ்', அஃதாவது ஊர் மிரிஸ் என்று பிரித்தறிந்தனர். இரு மக்களும் ஒரே விருந்தாளியைத் தத்தம் வீட்டுப் பெயர் சொல்லி அழைத்திருக்கின்றனர். வெவ்வேறு மொழியினராய் வாழும் எமக்கு இதனினும் சிறந்த வரலாற்றுப் பாடம் யாது?

வாங்கியது மட்டுமன்று, கொடுத்ததும் உண்டென மாணவர் அறிதல் வேண்டும். கறி என்னுந் தமிழ்ச் சொல் ஆங்கிலத்திற் புகுந்து, ஆங்கிலேயர் வழியாக ஜப்பானை அடைந்து, இன்று 'கரே' என்ற பெயரில் அந்நாட்டுப் பிள்ளைகளின் விருப்ப உணவாயிற்று. மிளகுதண்ணீர் ஆங்கிலேயர் மேசையில் ஒரு 'சூப்' ஆனது. மாங்காய் போர்த்துக்கேயர் வாயில் 'மங்கா' ஆகி ஐரோப்பா முழுவதும் பரவிற்று.

வண்டி உருவானது

இனி, வண்டி. பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள நீள்சதுரத்தைச் சுண்ணக்கட்டியால் நிலத்திற் கீறி, மாணவரை அதனுள் நிற்கச் செய்தோம். அடுப்பு, நீர்த்தொட்டி, பாத்திர அடுக்கு ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிய பின் மூவரே இடிபடாது நிற்கலாம் எனக் கண்டனர். மூவர் சமைக்கக்கூடிய உணவு நான்கு வகைக்கு மேற்படலாகாது என்பது தானே விளங்கிற்று. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரை வெப்பம் படாத இடத்தில் நிறுத்துதல், பச்சை இறைச்சியைச் சமைத்த உணவினின்று விலக்கி வைத்தல், கைகழுவ வேறு நீர் வைத்தல் என்பனவெல்லாம் வரைபடத்திற் குறிக்கப்பட்டன.

பின்னர் எழுந்தது கடினமான வினா. எம் வகுப்பிலே புலால் உண்ணாத சைவப் பிள்ளைகள் உளர். ஹலால் உணவே உண்ணும் முஸ்லிம் பிள்ளைகள் உளர். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் உளர். ஒரே தாச்சியில் எல்லாம் பொரிக்கலாமா? ஒரு பாடவேளை முழுவதும் வாதிட்டனர். முடிவில், மரக்கறிக்குத் தனித் தாச்சியும் தனிக் கத்தியும் வைப்பதென்றும், இறைச்சி ஹலாலாக இருத்தல் வேண்டும் என்றும், மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வண்டியில் ஏறா என்றும் தாமே விதி வகுத்தனர். நாம் ஒரு சொல்லும் கூறவில்லை. மற்றவன் உண்ணாததை அறிந்து நடத்தலும் உலக உணவுப் பாடத்தின் ஒரு பகுதியே.

ஒரு மாணவனின் கேள்வி

பட்டியல் நிறைவுற்ற நாளில், முன்னர்க் கூறிய மாணவனே மீண்டும் எழுந்தான். "சேர், மரவள்ளி பிரேசில், மிளகாய் மெக்சிக்கோ, பாண் போர்த்துக்கல், சம்பல் மலாய். அப்ப எங்கட சாப்பாடு எது?"

உடனே விடைகூற இயலாது சற்று நின்றோம். பின்னர் இத்தாலியரின் பீட்சாவை நினைவூட்டினோம். அதற்குச் செந்நிறந் தரும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. கொரியரின் கிம்சியில் உறைக்கும் மிளகாயும் அவ்வாறே. ஆயினும் அவை இத்தாலியருடையன அல்ல, கொரியருடையன அல்ல என்று எவரும் கூறார். விதை எங்கிருந்தும் வரலாம். அதன் நஞ்சை நீக்கவும், தேங்காய்ப்பூவும் மிளகாயும் சேர்த்து அரைத்து அதற்குத் துணையாக்கவும், பசித்த பிள்ளைக்கு அளவறிந்து பகிரவும் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கை எதுவோ, அக்கையினுடையது உணவு. "உம் அம்மம்மாவின் கைப்பக்குவம் உம்முடையதே, தம்பி" என்றோம். இவ்விடை முழுமையானதென்று நாம் கூறவில்லை. எனினும், பாடநூலில் இல்லாத வினாவொன்றை ஒரு மாணவன் எழுப்பினான் என்பதே அப்பாடத்தின் பயன்.

ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

இப்பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்க்கு எம் பிழையிலிருந்து பெற்ற சில குறிப்புகளைக் கூறலாம். முதலாவது, பிறநாட்டு உணவிலிருந்து தொடங்காது, மாணவரின் வீட்டு உணவிலிருந்து தொடங்குக. இரண்டாவது, எவன் யாது கொண்டு வந்தான் என்பதை வகுப்பறியச் சொல்லும்படி வற்புறுத்தாதிருக்க, விரும்பியவன் உரைக்கட்டும். மூன்றாவது, உணவின் பெயர், அப்பெயரின் ஊர், சமைக்கும் முறை, அம்முறைக்குக் காரணம் ஆகிய நான்கையும் எழுதச் செய்க. நான்காவது, செலவு வேண்டா. சுண்ணக்கட்டியும் பழைய கலண்டர்த் தாளும் போதும்.

எம் மாணவர் அமைத்த வண்டி கடதாசியிலேயே நிற்கின்றது. ஒரு சதமேனும் உழைத்ததில்லை. ஆயினும், இரண்டு பக்கக் கட்டுரைக்குத் திணறிய மாணவர் ஏழு, எட்டுப் பக்கங்கள் எழுதினர். அவர்களுள் மரவள்ளி பற்றி எழுதியவனின் கட்டுரையே நீளமானது.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்வோர் உங்களுட் பலர். உங்கள் இல்லத்தில் இன்றுஞ் சமைக்கப்படும் ஒரு பழைய உணவின் பெயரையும் முறையையும், அங்கு புதிதாகப் பழகிய ஓர் உணவின் பெயரையும் முறையையும் ஒரு பக்கத்தில் எழுதி, நீங்கள் கற்ற பள்ளிக்கு அனுப்புங்கள். கல்லூரிக்குக் கட்டடங் கொடுத்தோர் உளர். நூலகங் கொடுத்தோர் உளர். அவ்வொரு பக்கமும், கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் ஏதோவொரு பிள்ளைக்கு, தன் பெட்டியில் இருப்பதும் உலகத்தின் உணவே என்று எடுத்துச் சொல்லும்.