அந்நியக் கடலில் சிப்பி எடுத்தலும் அவ்விடத்துச் சட்டமும்

ஓர் ஊரின் மேய்ச்சல் புறம்போக்கில் அடுத்த ஊர் மாடுகள் மேயலாமா, ஏரி மீனைப் பிடிக்கும் பாத்தியம் யாருக்கு என்பன போன்ற வழக்குகள் குடியானவர்களுக்குப் புதியனவல்ல. இத்தகைய வழக்கே கடலிலும் உண்டு. ஒரு தேசத்தார் மற்றொரு தேசத்தின் கடலிற் சென்று சிப்பி எடுக்கும்போது எந்தச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தும், அச்சட்டம் சிப்பியைக் காக்குமா என்னும் விஷயங்களை, இந்தோனேசியாவின் ரோட்டே தீவினர் ஆஸ்திரேலியாவின் வடமேற்குத் திட்டுகளில் சிப்பி எடுத்து வரும் வரலாற்றைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

சிப்பியின் இயல்பு

இங்கே முக்கியமாகக் கருதத்தக்கது டிரோக்கஸ் என்னும் கடல் நத்தையாகும். இதன் ஓடு, கூர்முனை மேலிருக்கும்படி கவிழ்த்து வைத்த பம்பரம் போன்றது. ஓட்டின் உட்புறம் முத்தின் பளபளப்பு உடையதாதலால் சட்டைப் பொத்தான்கள் செய்வதற்கு நெடுங்காலமாக விலை போகின்றது. இது பவளப்பாறைத் திட்டுகளின் ஆழமற்ற பாகத்தில் வாழ்ந்து, பெரும்பாலும் இரவில் வெளிப்பட்டுப் பாறைமேற் படிந்த பாசியை மேயும். சுமார் இரண்டு வயதில், ஓட்டின் அடி அகலம் 6 சென்டிமீட்டர் அளவாகும்போது, இனவிருத்திக்குத் தகுதி பெறும். பெரிய பெண் நத்தை சிறியதைவிடப் பன்மடங்கு முட்டையிடும். முட்டையினின்று வெளிப்படும் குஞ்சு சில தினங்கள் மாத்திரமே நீரில் மிதந்து, பின்பு பாறையிற் படிந்துவிடும். ஆகவே ஒரு திட்டில் இவ்வினம் அற்றுப்போனால், தொலைவிலுள்ள வேறொரு திட்டிலிருந்து வித்து வந்து சேருவது அரிது. இவ்வொரு குணத்தை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர்க் கூறப்போவதெல்லாம் இதையே பற்றி நிற்கிறது.

நீந்துவதும் ஊர்வதும்

மீனுக்கும் சிப்பிக்கும் சட்டம் ஒன்றன்று. 1982-ஆம் வருஷத்து ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையின்படி, பிடிக்கத்தக்க பருவத்தில் அசையாமல் கிடப்பனவும், கடலடித் தரையை விட்டு நீங்காமல் ஊர்வனவும் ஆகிய ஜீவன்கள், கரையோரத் தேசத்திற்குரிய கடலடிப் பூமியைச் சேர்ந்த செல்வமாகும். சிப்பி இவ்வகையினது. கடலட்டையும் இவ்வாறே கருதப்பட்டு வருகின்றது.

இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் 1972-ல் கடலடிப் பூமிக்கு ஓர் எல்லையும், 1981-ல் மீன்பிடிப்புக்குத் தற்காலிகமாக வேறோர் எல்லையும் வகுத்துக்கொண்டன. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட கடற்பகுதிகளில், நீந்தும் மீன் இந்தோனேசியருடையது. அதே நீரின் அடியிற் கிடக்கும் சிப்பியோ ஆஸ்திரேலியருடையது. மேலுள்ள மரத்தின் பழம் ஒருவருக்கும், அடியிலுள்ள பூமி மற்றொருவருக்குமாகப் பாகம் பிரித்தது போன்றதே இது. படகோட்டிக்கு இப்பிரிவினை எளிதில் விளங்காது என்பது சொல்லாமலே அமையும்.

1974-ஆம் வருஷத்து ஒப்பந்தம்

ரோட்டே தீவிற்குத் தெற்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்திலுள்ளது அஷ்மோர் திட்டு. ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து அதற்கு 300 கிலோமீட்டருக்கு மேலுண்டு. இந்தோனேசிய மாலுமிகள் பல தலைமுறைகளாகப் பாய்மரப் படகுகளில் அங்கே சென்று சிப்பியும் கடலட்டையும் எடுத்து வந்தனர். பிரிட்டிஷ் அரசாங்கத்தார் 1878-ல் அத்திட்டைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். பின்பு அது ஆஸ்திரேலியாவின் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவின் வடகரைக்கு மக்காசாரிலிருந்து கடலட்டை எடுக்க வந்தோரின் தொழில், அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டதனால் 1907-ல் அடியோடு நின்றது. ரோட்டேயாரின் வழக்கமோ நிலைத்தது.

அவ்வழக்கத்தை ஒப்புக்கொண்டு இரு அரசாங்கங்களும் 1974-ல் ஓர் உடன்பாடு செய்தன. அதன்படி அஷ்மோர், கார்ட்டியர், ஸ்காட், செரிங்கபட்டம், பிரௌஸ் ஆகிய ஐந்து இடங்களில் பரம்பரை மீனவர்கள் தொழில் செய்யலாம். இவற்றுள் செரிங்கபட்டம் என்னும் பெயர் மைசூர்ச் சீரங்கப்பட்டணத்தினின்று பிறந்ததேயாம். 1983-ல் அஷ்மோர் இயற்கைக் காப்பிடமாக்கப்பட்டது. பின்னர் அங்கே சிப்பி எடுப்பது விலக்கப்பட்டது. 1989-ல் இரு தரப்பாரும் கூடி, அனுமதிக்கப்பட்ட கடற்பரப்பை ஒரே கட்டமாக விரித்து வரைந்தனர். அதன் விஸ்தீரணம் சுமார் 50,000 சதுர கிலோமீட்டர்.

இங்கே தொழில் செய்வோர்க்கு விதித்த நிபந்தனைகளின் சாரம் மூன்று. முதலாவது, குறித்த எல்லையைத் தாண்டலாகாது. இரண்டாவது, பாயினாற் செல்லும் படகன்றி மோட்டார்ப் படகு கூடாது. மூன்றாவது, ஆமை, இராட்சதச் சிப்பி முதலிய காக்கப்பட்ட பிராணிகளைத் தொடலாகாது.

தண்டனை யாரைச் சேர்கிறது

எல்லை கடந்தோ, மோட்டார் வைத்தோ வந்து அகப்பட்டவர்களின் படகும் சிப்பியும் பறிமுதலாயின. அபராதமும், அது செலுத்த இயலாதவர்க்குச் சிறைவாசமும் நேர்ந்தன. புரூம் நகருக்கு அருகே பறிமுதலான படகுகள் பல எரிக்கப்பட்டன. ரோட்டேயில் அநேகர் படகு முதலாளியிடமோ வியாபாரியிடமோ அரிசிக்கும் வழிச்செலவுக்கும் முன்பணம் பெற்றுக் கடலேறுவர். படகு எரிந்தாலும் கடன் எரிவதில்லை. அடுத்த பருவத்தில் அக்கடனைத் தீர்ப்பதற்கே மறுபடியும் அதே திட்டுகளை நாடுவர். ஆகையால் தண்டனை மாத்திரம் குற்றத்தை நிறுத்துமென்று எண்ணுவது சரியன்று.

ஆயினும் எதிர்த்தரப்பின் நியாயமும் சிறிதன்று. சிலர் அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெகு தெற்கேயுள்ள கிங் சவுண்டு என்னும் கடற்பிரதேசத்திற்கும் சென்று டிரோக்கஸ் எடுத்தனர். அத்திட்டுகள் பார்டி என்னும் ஆதிக்குடிகளுடையவை; அவர்களும் அதே சிப்பியை எடுத்து விற்று ஜீவிப்பவர்கள். அயலார் வாரிய பின் பார்டிகளுக்கு எஞ்சுவது யாது? ஓர் ஏழையின் பசிக்கு மற்றோர் ஏழையின் விதைநெல்லைக் கொடுப்பது தீர்வாகாது.

ஆயுதக் கட்டுப்பாடு போதாது

மோட்டாரை விலக்கியதன் நோக்கம், படகுகளின் தொகையும் வேகமும் தாமே அடங்கும் என்பது. ஓடும் மீனுக்கு இவ்விதி ஓரளவு பொருந்தலாம். ஊர்ந்து செல்லும் நத்தைக்குப் பொருந்தாது. நீர் வற்றிய வேளையில் திட்டின் மேல் நடந்து சென்று கையாற் பொறுக்குவதற்குப் பாயும் ஒன்றே, மோட்டாரும் ஒன்றே. 1998-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இக்கட்டத்துத் திட்டுகளைச் சோதித்தபோது, டிரோக்கஸும் விலையுயர்ந்த கடலட்டைகளும் மிகவும் அருகிவிட்டதைக் கண்டனர். விதிக்குட்பட்டு எடுத்தவரும் விதி மீறி எடுத்தவரும் வாரியது ஒரே களஞ்சியத்தையே.

இதற்கு மாறாகப் பசிபிக் சமுத்திரத்துக் குக் தீவுகளைச் சேர்ந்த ஐட்டுடாக்கியை நோக்குக. அங்கே டிரோக்கஸ் இயற்கையில் இல்லை; 1957-ல் பிஜியிலிருந்து கொணர்ந்து விடப்பட்டது. அது பெருகிய பின், முதலிற் கையிருப்பை எண்ணி, எடுக்கத்தக்க அளவை நிர்ணயித்துச் சில தினங்கள் மாத்திரம் திட்டைத் திறந்துவிடும் முறையை ஏற்படுத்தினர். 8 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 11 சென்டிமீட்டருக்கு மிகுந்ததையும் எடுக்கலாகாதென விதித்தனர். சிறியதை விடுவது அது ஒரு முறையேனும் இனம் பெருக்கவேண்டும் என்பதற்காக; பெரியதை விடுவது அதுவே மிகுதியாக முட்டையிடும் தாய் என்பதற்காக. நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைக்கும் குடியானவனுக்கு இதன் நியாயத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அறியத்தக்கவை

அந்நியக் கடலிற் சிப்பி எடுக்க எண்ணுவோர் முன்னதாகத் தெளியவேண்டியவை: அவ்விடம் யாருடையது, நீந்துவதற்கும் ஊர்வதற்கும் அங்கே வெவ்வேறு சட்டம் உண்டா, எந்த இனம், எந்த அளவு, எந்தப் பருவம், எந்தக் கருவி அனுமதிக்கப்பட்டுள்ளன என்பனவாம். சொந்தக் கடலிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். டிரோக்கஸ் நம் அந்தமான் தீவுகளிலும் உண்டு. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001-ல் அது சேர்க்கப்பட்டது. அழகுக்காகவும் அதைப் பொறுக்கி வருவது தகாது.

சட்டம் செய்வோரும் அறியவேண்டியது ஒன்றுண்டு. பழைய பாத்தியத்தை மதிப்பது தர்மம். ஆனால் எடுப்பதற்குப் பொருள் இருக்கும்வரையில்தான் அப்பாத்தியத்திற்குப் பயன் உண்டு. ஆகவே ஆளையும் படகையும் எண்ணுவதோடு நில்லாமல், திட்டிலுள்ள சிப்பியையும் எண்ணி, ரோட்டேயாருக்கும் பார்டிகளுக்கும் விளங்கும் பாஷையில் அதை எடுத்துரைத்து, வித்துக்கு வேண்டிய அளவை ஒதுக்கிய பின்னரே மிகுதியை எடுக்க இடந்தரவேண்டும். நம் ஊர் ஏரிக்கும் மேய்ச்சல் தரைக்கும் பொருந்தும் முறை இதுவே.