கேட்டுக்கு முன்னே மரம் நிற்கிறதா?

சிட்லபாக்கத்தில் வீடு கட்டி முடித்ததும் அடுத்த வேலை, கார் ஏற ஒரு சரிவு. கேட் வரும் இடத்தில் வேம்போ புங்கையோ நின்றால், வரைபடத்திலேயே கேட்டை நகர்த்திவிடுங்கள். தெரு மரம் நம் சொத்து அல்ல. வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். சரிவு போடுமுன் தாம்பரம் மாநகராட்சியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது சிமென்ட் கூடாது. டெல்லி மரங்களுக்காக 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன அளவு இது. பெரிய மரத்துக்கு இதுவே குறைச்சல் என்பேன். நீரை உறிஞ்சும் சன்ன வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணில்தான் பரவியிருக்கும். அங்கே ஜேசிபி வேண்டாம், ஆள் வைத்து மெதுவாகத் தோண்டுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் தென்பட்டால் வெட்டாமல், அதன்மேல் மணல் பரப்பி, இடைவெளி விட்டு பேவர் கற்களைப் பதிக்கலாம். ஒருபக்க வேர் போன மரம் புயலில் சாயும். 2016 வர்தாவை மறந்திருக்க மாட்டீர்கள்.

கலவை குழைப்பதும் மரத்தடியில் வேண்டாம். நிழலைத் தேடி மேஸ்திரி அங்கேதான் போவார்!

சரிவுக்கு அடியில் மழைநீர் வடிகால் அடைபடாமல் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.