தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது?

கேள்வி: ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில், அறுபது படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டெண்டாக இருக்கிறேன். எங்களுக்கு வருவதில் பாதி கம்பெனி கேஸ். பிரஸ்ஸில் விரல் போனவர்கள், ஷிப்ட் முடிந்து பைக்கில் போகும்போது கன்டெய்னர் லாரியில் மோதியவர்கள் என்று வருவார்கள். போன மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்கு வெட்டுக்காயத்தோடு ஒரு பையனைக் கொண்டுவந்து போட்டார்கள். ஸ்கிராப் தகராறு என்றார்கள். கால் மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பைக்கில் வந்து கேஷுவல்ட்டி வாசலில் நின்றார்கள். அவனுடைய ஆட்களா, வெட்டியவனுடைய ஆட்களா என்று தெரியவில்லை. ஒருவன் சட்டைக்குப் பின்னால் எதையோ செருகியிருந்தான். எங்கள் பக்கம் ஒரு சின்ன வயது டியூட்டி டாக்டர், இரண்டு சிஸ்டர், அறுபத்திரண்டு வயது வாட்ச்மேன், அவ்வளவுதான். போலீஸ் வந்ததும் கலைந்துவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அதிலிருந்து நிர்வாகம் மெட்டல் டிடெக்டர் வாங்கலாம், பவுன்சர் போடலாம் என்கிறது. வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து வகுப்பும் எடுத்தார்கள். துப்பாக்கியோடு ஒருவன் ஆபீஸுக்குள் நுழைகிற அமெரிக்க வீடியோவைக் காட்டினார். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு என்.ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) சிஸ்டர் ஒருத்தி தனியாக வந்து, "மேடம், அவன் உள்ளே வந்துட்டா நான் குழந்தைங்களை விட்டுட்டு ஓடலாமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கு என்ன சொல்லட்டும்?

பதில்: அம்மா, அந்த வகுப்பு எடுத்தவருக்குக் கொடுத்த பணத்தை அந்தச் சிஸ்டருக்குக் கொடுத்திருக்கலாம். கேட்க வேண்டியதை அவள்தான் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லுமுன், உங்கள் வாசலுக்கு வரக்கூடியவன் யார் என்று பார்த்துவிடுவோம்.

நான் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மருத்துவமனைகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். நீங்கள் பார்த்தது அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர நிர்வாகம் 2012-இல் எடுத்த வீடியோவாகவோ, அதைப் பார்த்து எடுத்த ஒன்றாகவோ இருக்கும். ஓடு, ஒளி, வேறு வழியில்லையென்றால் எதிர்த்து நில் என்பது அதன் சாரம். அறிவுரை தப்பில்லை. ஆனால் அதில் வருகிற ஆள் நம் ஊர் ஆள் இல்லை.

நம் ஊர் ஆள் எப்படி வருவான்? 2024 நவம்பர் 13. கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜியைக் கத்தியால் பலமுறை குத்தியவன், அங்கே கீமோ எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணின் மகன். பட்டப்பகலில், ஓ.பி. அறைக்குள், எல்லோரையும் போல நடந்து வந்தான். அம்மாவுக்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்ற கோபம். மருத்துவர் பிழைத்தார். 2012 ஜனவரி 2-ஆம் தேதி தூத்துக்குடியில் இ.எஸ்.ஐ. பெண் மருத்துவர் ஒருவரை அவருடைய கிளினிக்கிலேயே வெட்டிக் கொன்றது, சிகிச்சையில் இறந்துபோன கர்ப்பிணியின் கணவன். 2023 மே 10 விடியற்காலையில் கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸைக் குத்திக் கொன்றவனைக் காயத்துக்குக் கட்டுப்போடக் கூட்டிவந்தது போலீஸே. அவன் எடுத்தது மருத்துவமனையின் கத்தரிக்கோல்.

மூன்றிலும் துப்பாக்கி இல்லை, சுவரேறிக் குதித்தவனும் இல்லை. இரண்டில் வந்தவனை அந்த இடத்துக்கு முன்பே தெரியும். மூன்றாவதில் ஆயுதமே உள்ளேதான் இருந்தது. வாசலில் மெட்டல் டிடெக்டர் நின்றிருந்தால் அது அந்தக் கத்தரிக்கோலுக்குக் கூவியிருக்காது. உங்கள் பகுதியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாதிப்பேர் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவோடும் எவர்சில்வர் டிபன் பாக்ஸோடும் வருவார்கள். கருவி நாள் முழுக்கக் கத்தும். மூன்றாம் நாள் வாட்ச்மேன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பெரிய அரசு மருத்துவமனைக்கு அது தேவைப்படலாம். உங்களுக்கு வேண்டாம். டிரெஸ்ஸிங் டிராலியை நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். அதற்குக் காசு செலவில்லை.

பவுன்சர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. கறுப்பு பனியன் போட்ட தடியன் ஒருவன் கைகட்டி நிற்பதைப் பார்த்தால், அழுதுகொண்டு வருகிற குடும்பத்துக்கு "இவர்கள் எதையோ மறைக்கிறார்கள்" என்றுதான் தோன்றும். அந்தச் சம்பளத்துக்கு இந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த ஒருவரை ராத்திரி கேஷுவல்ட்டி வாசலில் உட்காரவையுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள், கூட வேலை பார்க்கிறவனை ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே கொண்டுபோன பிறகு இரண்டு மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கண்ட்ராக்டர் போனை அணைத்து வைத்திருக்கிறார். பில் கவுண்டரில் அட்வான்ஸ் கேட்கிறார்கள். அப்புறம் திடீரென்று ஒருவர் வந்து "எக்ஸ்பயர்ட்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் வெளியே வந்து, "உயிர் இருக்கு, ரத்தம் ஏத்துறோம், நிலைமை மோசம்" என்று அவர்கள் மொழியில் சொல்லியிருந்தால் பாதி கொந்தளிப்பு அங்கேயே இறங்கியிருக்கும். சாவுச் செய்தியை நடைபாதையில் நின்று சொல்லக் கூடாது. உட்காரவைத்து, மருத்துவரோடு இன்னொருவரும் இருந்து, மருத்துவர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தபடி சொல்ல வேண்டும். மேசைக்குப் பின்னால், கதவுக்கு எதிர்ச்சுவரில் மருத்துவர் உட்காரும் அமைப்பை நான் போகிற இடமெல்லாம் மாற்றச் சொல்கிறேன். எழுந்து ஓட வழியில்லாத நாற்காலி அது.

கோபம் பழகிய முகமாகத்தான் வரும். ஒரே ஆள் மூன்று முறை வந்து கேஸ் ஷீட் கேட்கிறான், ஒரே டாக்டரின் டியூட்டி நேரத்தைக் கேட்கிறான், ரிசப்ஷன் பெண்ணிடம் "பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். இவையெல்லாம் அந்தப் பெண்ணின் மனத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு நோட்டுப் போடுங்கள். ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவரில் நோயாளியின் பி.பி.யைச் சொல்வதுபோல் இதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் ஸ்கிராப் தகராறு பையன் வேறு வகை. வெட்டுப்பட்டவனைத் தேடி வெட்டினவன் ஆஸ்பத்திரிக்கே வருவது தமிழ்நாட்டில் புதிதில்லை. விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) என்ட்ரி போடும் கையோடு போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். தையல் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போர்டில் பெயர் எழுதாதீர்கள். ஜன்னல் ஓரப் படுக்கை வேண்டாம், பொது வார்டும் வேண்டாம். நர்ஸ் ஸ்டேஷனிலிருந்து கதவு தெரிகிற தனி அறையில் போட்டு, போலீஸ் காவல் வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பக்கம் தாம்பரம் மாநகரக் காவல் எல்லையும் காஞ்சிபுரம் மாவட்டக் காவல் எல்லையும் உரசிக்கொள்கின்றன. உங்கள் கேட் எந்த ஸ்டேஷனில் வருகிறது என்று ராத்திரி ஒன்றரை மணிக்குத் தேடாமல், இந்த வாரமே நேரில் போய்ப் பார்த்து, ஸ்டேஷன் நம்பரை 112-க்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் இன்ஸ்பெக்டரை ஒருநாள் கூப்பிட்டுக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுங்கள்.

இனி கதவு. இதில்தான் எல்லா இடத்திலும் கோட்டை விடுகிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டைப் பார்த்தேன். கனமான நல்ல கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம்! ராத்திரியில் பூட்டி வைக்க வசதி என்றார்கள். உள்ளே இருக்கிறவர்கள் பூட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. தீ விபத்துக்கும் அது ஆபத்து, கத்திக்கும் ஆபத்து.

2008 நவம்பர் 26 ராத்திரி மும்பை காமா மருத்துவமனைக்குள் இரண்டு பயங்கரவாதிகள் நுழைந்து காவலாளிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கர்ப்பிணிகள் வார்டில் டியூட்டியில் இருந்த நர்ஸ் அஞ்சலி குல்தே கதவுகளைச் சாத்தினார், விளக்குகளை அணைத்தார், இருபது கர்ப்பிணிகளையும் வார்டின் கடைசியில் இருந்த சின்னப் பேன்ட்ரிக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தார். அதற்குள் ஒருவருக்கு வலி கண்டது. சுவரோரமாக அவரை நடத்திப் பிரசவ அறைக்குக் கொண்டுபோனார். அஞ்சலி 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் இதைச் சொன்னபோது நாடே பாராட்டியது, சரிதான். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு: அந்த வார்டில் சாத்துவதற்குக் கனமான கதவு இருந்தது. கண்ணாடிக் கதவும் பிளாஸ்டிக் ஸ்கிரீனும் மட்டும் இருக்கிற இன்றைய ஐ.சி.யு.வில் அவரால் என்ன செய்திருக்க முடியும்?

உங்கள் ஊழியர்கள் கம்பெனி ஊரில் வளர்ந்தவர்கள். அண்ணனோ அப்பாவோ ஃபேக்டரியில் இருப்பார்கள், மாக் டிரில் என்றால் தெரியும். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. மணி அடித்தால் எல்லோரும் ஒரே வழியில் இறங்கி அசெம்பிளி பாயின்ட்டில் கூட வேண்டும் என்று நாங்கள்தான் அவர்களுக்குப் பழக்கிவிட்டோம். ஆயுதத்தோடு ஆள் வந்தால் அது நேர்மாறு. கூடக் கூடாது. பக்கத்தில் வெளிவழி இருப்பவர்கள் அதில் போய்விட வேண்டும், மற்றவர்கள் இருக்கிற அறையிலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் யாரும் ஃபயர் அலாரத்தை அடித்துவிடாதபடி இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். அடித்தால் வார்டே அவன் நிற்கிற படிக்கட்டில் வந்து இறங்கும்.

அறிவிப்புக்கு நிறப்பெயர் வைக்காதீர்கள். இதயம் நின்றுபோன நோயாளிக்கான கோட் ப்ளூ எல்லோருக்கும் தெரியும். கத்திக்கு என்ன நிறம் என்று துப்புரவு அம்மாவுக்குத் தெரியாது. அமெரிக்காவிலேயே பல மருத்துவமனைகள் நிறத்தை விட்டு வெளிப்படையான பேச்சுக்கு வந்துவிட்டன. "கேஷுவல்ட்டியில் கத்தி. கதவைப் பூட்டுங்க." தமிழில் இரண்டு தடவை, இந்தியில் இரண்டு தடவை, அது போதும். உங்கள் அறுபத்திரண்டு வயது வாட்ச்மேனுக்கு இரண்டே வேலைதான்: போனில் சொல்வது, உள்கதவைச் சாத்துவது. மல்லுக்கட்டக் கூடாது என்று நிர்வாகமே அவரிடம் சொல்ல வேண்டும். ஒத்திகையைப் பகல் இரண்டு மணிக்கு ஒருமுறையும், ஆள் குறைவான ராத்திரி மூன்று மணிக்கு ஒருமுறையும், முன்கூட்டியே சொல்லிவிட்டு நடந்து பாருங்கள். பொம்மைக் கத்தியோடு ஒருவனைத் திடீரென்று அனுப்பிச் சோதிக்கும் வேலை வேண்டாம். மாரடைப்புக்காரர்கள் படுத்திருக்கிற இடம் அது.

இப்போது அந்தச் சிஸ்டர். அவளிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆள் வெளியே இருக்கும்வரை உன் வேலை கதவு. பூட்டு, விளக்கை அணை, போனைச் சைலன்ட்டில் போடு, குழந்தைகளோடு உள்ளேயே இரு. தட்டினால் திறக்காதே, டாக்டர் என்று சொன்னாலும் திறக்காதே. அவன் உள்ளே வந்துவிட்டான், உன்னைத்தான் குறிவைக்கிறான் என்றால் ஓடு. நம் பக்கத்தில் வருகிறவனின் கோபம் பெரும்பாலும் கோட் போட்டவர்மேலும் யூனிஃபார்ம் போட்டவர்மேலும்தான், இன்குபேட்டரில் இருக்கிற குழந்தைமேல் இல்லை. நீ உயிரோடு வெளியே போனால்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப முடியும். ஓடவும் முடியவில்லை என்றால் டிரிப் ஸ்டாண்ட், நாற்காலி, தீயணைப்பு சிலிண்டர் எது கிடைத்தாலும் அவனுக்கும் உனக்கும் நடுவில் வை. அவனை அடித்தால் உன்மேல் கேஸ் வருமோ என்று பயப்படாதே. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது.

கொட்டாரக்கரையில் மற்றவர்கள் அறைகளுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள், வந்தனா வெளியே தனியாக மாட்டிக்கொண்டார். ஆகவே இரண்டு பேர், இரண்டு பேராகப் பழக்குங்கள். பூட்டுமுன் "என் ஜோடி எங்கே?" என்று பார்க்கிற அந்த ஒரு விநாடியும் ஒத்திகையில் வர வேண்டும்.

இதையெல்லாம் நீங்கள் வாயால் சொன்னால் அவள் நம்பமாட்டாள். "குழந்தைகளை விட்டு ஓடினாள்" என்று நாளைக்கு டிவியில் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வந்தபோது விலகிய ஊழியர்மேல் நடவடிக்கை இல்லை என்று நிர்வாகம் கையெழுத்துப் போட்ட தாள் அவள் கையில் இருக்க வேண்டும். புகார் கொடுப்பதும் அவள் பாடு ஆகக் கூடாது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு 2024 ஆகஸ்டில், ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். பதியவைக்க வேண்டியது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்று மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவு போனது. உங்களுடையது தனியார்தான், ஆனாலும் அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2008-இலிருந்தே மருத்துவ ஊழியர் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, பிணையில் வர முடியாத குற்றம். கத்தியோடு வருகிறவன் அதைப் படித்துவிட்டு வருவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், இன்று ராத்திரி ரவுண்ட்ஸ் போகும்போது ஒவ்வொரு கதவையும் உள்ளே நின்று சாத்திப் பாருங்கள். எந்தக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லையோ அந்த அறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் மெட்டல் டிடெக்டர் கம்பெனிக்குப் போன் போடுமுன் தச்சருக்குப் போடுங்கள். முதலில் என்.ஐ.சி.யு.