டெலிபோன் ஊமையானால்

ராத்திரியில் பிள்ளைக்கு முடியாமல் போனால் 1990 அம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும். அந்நேரம் டெலிபோனில் சத்தமே இல்லை! சொக்கட்டைத் திறந்தால் நாலு வயர், மிரண்டு போகிறோம்.

ஒரு லைனுக்கு இரண்டு வயர்தான் வேண்டும். மற்றவை பெரும்பாலும் சும்மா கிடப்பவை. நிறத்தை நம்பாதீங்க; ஒட்டுப் போட்டவர் கையில் கிடைத்ததைப் போட்டிருப்பார்.

லைனில் சுமார் 48 வோல்ட் உண்டு, மணி அடிக்கையில் இன்னும் கூடும். செம்பை வெறுங்கையால் தொடாதீங்க. இடி முழங்கும்போது கிட்டவே போக வேண்டாம்.

வெளி லைன் வந்து சேரும் முதல் சொக்கட்டில் எந்த வயர் எங்கே என்று எழுதி வைத்து, உள் அறைக்குப் போவதை மட்டும் கழற்றுங்கள். நல்ல போன் ஒன்றை அங்கே மாட்டுங்கள். சத்தம் வராவிட்டால் கம்பனிக்கு அறிவியுங்கள். வந்தால் கோளாறு வீட்டுக்குள்தான்.

லயங்களில் நாம் பார்த்தது அநேகமாக ஈரச் சுவர்தான். செம்பு பச்சை பூத்திருந்தால் நுனியை வெட்டிச் சீவி, திரும்ப இறுக்குங்கள்.