மதிப்பெண் காட்டும் வழி

நுழையும்முன்

ஆட்டம் எதுவாயினும் வெற்றியைக் காட்டுவது பெரும்பாலும் ஓர் எண். காணொலி விளையாட்டில் அவ்வெண் வெறும் கணக்கு அன்று. எப்படி ஆடவேண்டும் என்பதைச் சொல்லாமல் சொல்லும் கட்டளையும் ஆகும். அக்கட்டளை ஆடுவோர் மனத்தில் செயற்படும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

போட்டியின் தொடக்கம்

ஜப்பானைச் சேர்ந்த டொமொஹிரோ நிஷிகாடோ வடிவமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' 1978ஆம் ஆண்டு வெளிவந்தது. காசு போட்டு ஆடும் அவ்விளையாட்டில் வேற்றுலகப் படைகள் அலையலையாக வந்துகொண்டே இருக்கும். ஆட்டத்திற்கு இறுதி வெற்றி என ஒன்று இல்லை. ஆயினும், திரையின் மேற்பகுதியில் அதுவரை எட்டப்பட்ட மிகுதியான மதிப்பெண் காட்டப்பட்டது. முன்னர் ஆடியவர் விட்டுச்சென்ற அந்த எண்ணே பின்வந்தவருக்கு இலக்காயிற்று. மறுஆண்டு வெளியான 'ஆஸ்டிராய்ட்ஸ்', மிகுதியான மதிப்பெண் பெற்றோர் தம் அடையாளமாக மூன்று எழுத்துகளைப் பதிக்க இடந்தந்தது. ஒருவரையொருவர் பார்த்திராதவர்களும் இதனால் போட்டியாளர் ஆயினர்.

எண்ணே ஆசான்

மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984ஆம் ஆண்டு உருவாக்கிய 'டெட்ரிஸ்', மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் விளையாட்டு. ஒரு வரிசை நிரம்பினால் அது மறையும். அடுக்கு உச்சியை எட்டினால் ஆட்டம் முடியும். 1989ஆம் ஆண்டு வெளியான நின்டெண்டோ பதிப்பின் தொடக்க நிலையில், ஒரு வரிசையை அழித்தால் 40 மதிப்பெண், இரண்டை ஒருங்கே அழித்தால் 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200.

நான்கு வரிசைகளைத் தனித்தனியே அழிப்பவர் பெறுவது 160 மட்டுமே. ஒருசேர அழிப்பவரோ அதைப்போல் ஏழரை மடங்கு பெறுகிறார். ஆதலால், தேர்ந்த ஆட்டக்காரர் ஓரத்தில் ஒரு பத்தியை வெறுமையாக விட்டு, நீண்ட கட்டையின் வருகைக்காகக் காத்திருக்கிறார். அது வராமற் போகலாம்; அதற்குள் அடுக்கு உயர்ந்து ஆட்டமே முடிந்துவிடவும் கூடும். இத்துணிவை எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. நான்கு எண்கள் கற்பித்தன. ஒவ்வொரு வரிசைக்கும் 40 என்றே விதித்திருந்தால், கட்டைகள் மாறாதிருக்க, ஆட்டம் முற்றிலும் வேறாகியிருக்கும்.

எண் விரிக்கும் வலை

வழிகாட்டும் எண் வழிதவறவும் செய்யலாம். 2005ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் 'எக்ஸ்பாக்ஸ் 360' கருவியுடன் 'கேமர்ஸ்கோர்' என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. ஒருவர் பல விளையாட்டுகளில் நிகழ்த்தும் சாதனைகளுக்கான மதிப்பெண்கள் அவர் பெயரின்கீழ் ஒன்றாகச் சேர்ந்தன. புதியன முயல இது பலரைத் தூண்டியது. அதேவேளை, விருப்பமில்லாத விளையாட்டையும் எளிதில் மதிப்பெண் கிடைக்கும் என்பதற்காகவே ஆடுவோர் தோன்றினர். மகிழ்ச்சியை அளக்க வந்த எண், மகிழ்ச்சியின் இடத்தில் தானே அமர்ந்துகொண்டது.

எண்ணற்ற பயணம்

2012ஆம் ஆண்டு வெளியான 'ஜர்னி'யில் மதிப்பெண்ணே இல்லை. பாலைவனத்தில் தொலைவிலுள்ள மலையை நோக்கிச் செல்லும் ஆட்டக்காரர், வழியில் முகமறியாத மற்றோர் ஆட்டக்காரரைச் சந்திக்கிறார். இருவரும் சொற்களால் பேச இயலாது. ஓர் ஒலிக்குறிப்பை மட்டும் எழுப்பலாம். முந்துவதற்கு எண் இல்லாத அவ்விடத்தில், ஒருவருக்காக மற்றவர் காத்து நிற்பதும் உடன் நடப்பதும் இயல்பாகின்றன.

இதனால் மதிப்பெண் தீது என்பது பொருளன்று. டெட்ரிஸில் துணிவையும் பொறுமையையும் வளர்த்தது அதுவேயன்றோ? எதைப் பாராட்டவேண்டும் என வடிவமைப்பாளர் எண்ணுகிறாரோ, அதையே மதிப்பெண் பாராட்டுகிறது. எஞ்சியவற்றைக் காணாது விடுகிறது. தேர்வுத்தாளின் மதிப்பெண்ணும் அத்தகையதே. எழுதிய விடையை அது அளக்கும். கேட்கத் துணிந்த ஐயத்தையும் நண்பனுக்கு விளக்கிய பொழுதையும் அளப்பதில்லை. எண்ணைப் பெற முயல்வோம். அது அளக்காதவற்றையும் மறவாதிருப்போம்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் ஆடும் விளையாட்டு ஒன்றின் மதிப்பெண் விதியை மாற்றினால், ஆடும் முறை எவ்வாறு மாறும்? வகுப்பில் கலந்துரையாடுக.
2. மதிப்பெண் இல்லாத விளையாட்டு ஒன்றை வடிவமைத்து, அதன் விதிகளை ஒரு பக்க அளவில் எழுதுக.